குழியோடு விற்ற வீடு

விளக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

காலை வெயில் அப்போதுதான் முற்றத்து ஓட்டைத் தொட்டிருந்தது. தெருக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. என் கணவர் முற்றத்தில் குப்புறப் படுத்து, கயிற்றில் கட்டிய சிமினி விளக்கைக் குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தார். என் மாமியார் மாதம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்தலில் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்க்கிறவர் மாதிரி நின்றிருந்தார். நான் வயிறு தெரிய ஆரம்பித்த பிள்ளைத்தாய்ச்சி. கிட்டே போகக்கூடாது என்று என்னைத் தூணோரம் நிறுத்தியிருந்தார்கள்.

நிறைந்த குழி என்றால் விளக்கு ஒரு முழம் இறங்குவதற்குள் தானியத்தில் தட்ட வேண்டும். உள்ளே அடைந்து கிடக்கும் கெட்ட காற்றில் சுடர் பொசுக்கென்று அணைய வேண்டும். அப்படி அணைந்தால்தான் வீட்டுக்காரர்களுக்கு உயிர் வரும்.

எங்கள் விளக்கு அணையவில்லை. கல்யாண வீட்டு விளக்குப் போல நின்று எரிந்தது.

"எங்கடா போவுது வெளக்கு?" என்றார் மாமியார்.

"கீழ போவுதும்மா."

"கீழன்னா?"

"கீழதாம்மா. கயிறு தீரப்போவுது."

மாமியாரின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. என் வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரட்டு புரண்டது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

கவுடர் வெட்டியது

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். முற்றத்தில் எதற்குக் குழி, அதற்குள் எதற்கு விளக்கு என்று பட்டணத்து வாசகர்கள் கேட்பீர்கள். அரிசி தின்கிறவர்களுக்குப் பத்தாயம் போதும். நாங்கள் மாரண்டஹள்ளிக்காரர்கள், ராகி தின்கிறவர்கள்.

ராகிக்கு ஒரு குணம் உண்டு. காற்றுப் படாமல் மண்ணுக்குள் மூடி வைத்தால், வைத்தவன் செத்து, அவன் பேரனுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும்கூடக் கெடாது. அதற்காகவே வீட்டு முற்றத்தில் கெட்டி மண் பார்த்துக் குழி வெட்டுவார்கள். ஒரு ஆள் நுழைகிற அளவு வாய், உள்ளே போகப் போகப் பெருத்த வயிறு. ராகித் தாளைத் திரித்துச் சுற்றிலும் அணை கொடுத்து, ராகியைக் கொட்டி, கல்லால் மூடி, மண் பூசி, மேலே சாணி மெழுகிவிடுவார்கள். அதன்மேல் குழந்தைகள் விளையாடும், கோழி மேயும்.

எங்கள் வீட்டுக் குழியை வெட்டியவர் புட்டே கவுடர். வீட்டைக் கட்டியவரும் அவர்தான். கன்னடக்காரர். நான் அவரைப் பார்த்ததில்லை, பார்த்தவர்களையும் பார்த்ததில்லை. ஆனால் அவர் எழுப்பிய மண் சுவரைப் பார்த்தேன். ஜன்னலில் கை விட்டால் முழங்கை வரை சுவருக்குள்ளேயே இருக்கும். சித்திரை வெயிலில் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தச் சுகத்தை இன்றைக்கு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகூட நான் அனுபவிக்கவில்லை.

ஆளுக்கொரு பக்கம்

கவுடர் குடும்பம் கன்னட சீமைப் பக்கமே திரும்பிப் போனபோது வீட்டை ராமய்ய செட்டியார் வாங்கினார். ஜவுளி மூட்டை தூக்கித் தூக்கியே பெரிய ஆளானவர். அவருக்குத் தெற்கு வாசல் ஆகாது என்று எவனோ சொல்லிவிட்டான். இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, கிழக்கே சமையல்கட்டை உடைத்து வாசல் வைத்தார். அதனால் எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளி யாராக இருந்தாலும் அடுப்பைப் பார்த்தபடிதான் உள்ளே நுழைய வேண்டும். என்ன குழம்பு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் சௌக்கியமா என்று கேட்பார்கள்.

செட்டியாருக்குப் பிறகு காதர் சாயபு. புளி வியாபாரி. அவர் முற்றத்துக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பி, பெண்கள் பக்கம் என்று தனியாகப் பிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மாதுளைச் செடியும் வைத்தார். குழி பெண்கள் பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

பண்டங்களுக்கு விலையே இல்லாமல் போன முப்பதுகளின் கெட்ட காலத்தில், சாயபுவின் புளி மண்டியிலேயே கிடந்து கறுத்தது. அவரிடம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மாமனார் அப்போது நிலத்தில் ஒரு பகுதியை விற்று அந்த வீட்டை வாங்கினார். சாயபு அடுத்த தெருவில் சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனார். மாமனார் தன் பங்குக்கு மேற்குச் சுவரை இடித்து, மாட்டு வண்டி உள்ளே வந்து போக வழி செய்தார்.

ஆக, அந்த வீடு நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தது போலத்தான் இருக்கும். யாரும் கை வைக்காதது அந்தக் குழி ஒன்றில்தான். அப்படித்தான் ஊரே நினைத்தது.

கேட்கக்கூடாத கேள்வி

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டை விற்கிறவன் வெறும் குழியோடு விற்கமாட்டான். வயிறு நிறைய ராகி போட்டு மூடித்தான் விற்பான். வாங்குகிறவன் அதைத் திறந்து பார்க்கிறேன் என்று சொல்லமாட்டான். சொன்னால், 'உன் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று முகத்தில் துப்பியதற்குச் சமம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ராகிக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு மூட முடியாது. ஒரு தடவை வெளிக்காற்று உள்ளே போய்விட்டால் புழு விழுந்துவிடும். திறந்தால் முழுவதையும் வெளியே அள்ளியே ஆக வேண்டும். அதனால் பஞ்சம் என்று வந்தாலொழிய யாரும் கை வைக்கமாட்டார்கள்.

பார்க்கவும் முடியாது, கேட்கவும் கூடாது. செட்டியார் சாயபுவிடம், "கவுடர் வெச்சது அப்படியே இருக்குது, நான் தொடல" என்றாராம். சாயபு என் மாமனாரிடம், "கவுடர் வெச்சது, செட்டியாரும் தொடல, நானும் தொடல" என்றார். மாமனார் சாகும்போது மாமியாரிடம் சொன்ன கடைசிப் பேச்சும் ஏறக்குறைய அதுதான். பெண்டாட்டியிடம் சொல்ல அந்த மனிதருக்கு வேறு பேச்சா இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. மாமியாரிடம் அதைச் சொல்லும் தைரியம்தான் வரவில்லை.

பெங்களூரா, குழியா

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் வழியாகப் போய்வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையே யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்கள் கரியில் ஓடின; ஓடியதைவிட நின்றது அதிகம். அதனால் மாட்டு வண்டிக்கு நல்ல கிராக்கி. என் கணவர் சின்னசாமி பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் பாரம் அடித்தார். வத்தல்மலைக்காரர்கள் அடிவாரத்தில் கொண்டுவந்து போடும் புளியையும் தேனையும் ஏற்றி வருவார். ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி. எங்கள் பிழைப்பு அவ்வளவுதான்.

பிறகு மழை ஏய்த்தது. ஒரு வருஷம் ஏய்த்தால் சமாளிக்கலாம். மறு வருஷமும் வானம் வெளுத்தே கிடந்தது. காட்டில் விதைத்த ராகி முழங்காலுக்கு மேல் எழவில்லை. ரேஷன் தானியத்தில் பாதி கல், பாதி வண்டு. ஏற்றுவதற்குப் பாரமும் குறைந்துபோயிற்று.

"பெங்களூர் ஃபாக்டரில ஆள் எடுக்கறாங்களாம். போயி பாத்துட்டு வரட்டுமா?" என்றார் என் கணவர் ஒரு நாள், களியைப் பிட்டபடியே.

எனக்குத் திக்கென்றது. அங்கே போன ஆண்பிள்ளைகள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. என் பிரசவத்துக்கு அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது. இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு என் புருஷன் வேண்டியிருந்தது.

நான் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார்.

"எதுக்குடா போவணும்? முத்தத்துல குழி நெறையக் கெடக்குது. அதைத் தின்னு முடிக்கறதுக்குள்ள மழை வராதா?"

"அம்மா, அதை யாரு பாத்தா?"

"பாக்கணுமா? காதர் சாயபு சொல்லியிருக்காரு. உங்கப்பன் சொல்லியிருக்காரு. போதாதா உனக்கு?"

மாமியார் பேச்சு என் காதில் தேனாகப் பாய்ந்தது. எனக்கும் அந்தக் குழியின் மேல் அன்றைக்கு வந்த நம்பிக்கை சாமி மேல்கூட வந்ததில்லை. குழியைத் திறப்பது, அவர் ஊரில் இருப்பது என்று முடிவாயிற்று.

மறுபடியும் அந்தக் காலை

சர்க்கார் ஆட்கள் வீடு வீடாக நுழைந்து பதுக்கல் பார்த்துக்கொண்டிருந்த சமயம். அதனால்தான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறந்தோம். விளக்கு அடிமட்டத்தில் போய் உட்கார்ந்து நிம்மதியாக எரிந்தது. என் கணவர் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு உள்ளே இறங்கினார்.

"என்னடா இருக்குது?"

"ஒண்ணுமே இல்லம்மா." குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "சுத்தமா கூட்டிப் பெருக்கி வெச்சிருக்குது."

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. யார் அள்ளினார்களோ, பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்! கவுடரே போகிற அவசரத்தில் அள்ளினாரா, செட்டியார் ஏதோ ஒரு பஞ்சத்தில் கை வைத்தாரா, யாருக்குத் தெரியும்? சாயபு மட்டும் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஏன் என்று நீங்களே பாருங்கள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி! நாந்தான்!"

காதர் சாயபுவின் குரல். குழி திறக்கும் வீட்டில், வீட்டை விற்றவரைக் கூப்பிட்டு முதல் படி ராகியை அவருக்குப் போட வேண்டும். முந்தின நாளே சாயபு வீட்டுக்குத் தானே நடந்துபோய், அவர் பெண்டாட்டி, மருமகள் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்தவர் என் மாமியார். அந்த மனிதர் வெயில் ஏறட்டும் என்று காத்திராமல் வந்து நிற்கிறார்.

மாமியார் ஒரு கணம்தான் நின்றார். அப்புறம் மகனைப் பார்த்துக் கையை அசைத்தார். "மேல வாடா. கல்லை இழு."

கல் முக்கால் வாய்க்கு வந்ததும் போய்க் கதவைத் திறந்தார்.

காதர் சாயபு வெளுத்த தொப்பியும், துவைத்து மடித்த துண்டுமாக நின்றார். கையில் அவருடைய சொந்தப் பித்தளைப் படி. பெருநாளைக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"அங்கயே நில்லுங்கண்ணா. கிட்ட வந்துடாதீங்க. காத்து கெட்டுக் கெடக்குது, வெளக்கே நிக்க மாட்டேங்குது."

"அப்ப நெறஞ்சிருக்குதா தங்கச்சி?"

"வாய் வரைக்கும் இருக்குதுங்க."

சாயபு கண்ணை மூடி, படியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ ஓதினார். கண்ணைத் திறந்தபோது இமையோரம் ஈரமாக இருந்தது.

"உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துக்கிட்டே இருந்துச்சும்மா. நானும் பாக்காமத்தான் வித்தேன். செட்டியார் சொன்னதை உங்க வூட்டுக்காரருக்குச் சொன்னேன். அந்த மனுசன் மறுபேச்சுப் பேசாம வாங்கினாரு. ஒருவேளை இல்லேன்னா, அல்லாகிட்ட அவருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"எதுக்குங்க இல்லாமப் போவுது? நீங்க சொன்ன சொல்லாச்சே," என்றார் மாமியார். குரலில் ஒரு சின்னப் பிசிறுகூட இல்லை.

தெருவுக்கு ஆளுக்கொரு படி

சாயபு சந்தோஷத்தை மடியில் கட்டிவைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அன்று பொழுது சாய்வதற்குள் கடைத்தெருவுக்கே சேதி தெரிந்துவிட்டது. குழி திறந்த வீடு, தெருவில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு படி போட வேண்டும். அதுவும் வழக்கம்தான். மறுநாள் காலையில் முறமும் கூடையுமாகத் தெரு எங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றது. நம்மவர்கள் நிற்கிறார்கள், சாயபுமார் வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். எல்லார் முகத்திலும் பசி தெரிந்தது.

மாமியார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"சூடு அடங்கல. ரொம்ப வருசத்து ராகி, ஆவி போவணும். இப்பவே தின்னா வயித்தைப் புடிச்சுக்கும். வெள்ளிக்கிழமை வாங்க, எல்லாருக்கும் உண்டு."

கூட்டம் வாழ்த்திவிட்டுப் போயிற்று. மாமியார் உள்ளே வந்து, மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த மகனிடம் சொன்னார். "வண்டியக் கட்டு. வத்தல்மலை அடிவாரத்துக்குப் போ. அவங்களுக்கு இந்த வருசம் மழை உண்டு. மாட்டைக் குடுத்துட்டு ராகி வாங்கிட்டு வா."

என் கணவர் வாளியைக் கீழே வைத்தார். "மாட்டையா?"

"வேற என்ன இருக்குது இந்த வூட்டுல?"

"மாட்டைக் குடுத்துட்டா அப்புறம் நான் வண்டிய இழுக்கறதாம்மா?"

"அப்புறம் நீ பெங்களூர் போ," என்றார் மாமியார். தண்ணீர் எடுத்து வா என்று சொல்வது போலச் சொன்னார்.

அவர் அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். வண்டியைக் கட்டினார். மாடுகள் இரண்டும் எப்போதும் போகிற சவாரிதான் என்று தலையை ஆட்டிக்கொண்டு மேற்கு வாசலில் வெளியே போயின.

நான் போட்ட சண்டை

வண்டிச் சத்தம் தேய்கிற வரை பொறுத்தேன். பிறகு பொறுக்கவில்லை.

"சாயபு முகம் வாடக்கூடாதுன்னு எம் புருசன நாடு கடத்தறீங்களா அத்தை? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாடும் இருக்கும், அவரும் இருப்பாரு!"

"இருப்பான். வெறுங்குழியப் பாத்துக்கிட்டு."

"மாடு இருந்தா எப்படியும் பொழைக்கலாம். எம் பிரசவத்துக்கு அவரு வேணும்!"

மாமியார் துடைப்பத்தை எடுத்தார். மெழுகிய தரையில் விழுந்திருந்த மண்ணைக் கூட்டி ஒதுக்கினார். துடைப்பத்தை வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"அந்த மனுசன் எதை வெச்சுப் பொழைக்கறாரு தெரியுமா? கடையில மூட்டையா இருக்குது? ஒண்ணும் இல்ல. காதர் சாயபு சொன்னா சரியா இருக்கும்னு மலைக்காரன் புளியக் குடுக்கறான், இங்க இருக்கறவன் வாங்கறான். அவரு வித்த குழி வெறுங்குழின்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவன் குடுப்பான்? எம் மவனுக்குக் கையும் காலும் இருக்குது. எங்க போனாலும் பொழச்சுக்குவான். அந்தக் கெழவருக்கு என்ன இருக்குது?"

"எனக்கு என்ன இருக்குது?" என்று கத்தினேன்.

"நான் இருக்கேன்," என்றார். பிறகு, "அழுவறதுன்னா அழு புள்ள. ஆனா மெதுவா அழு. ராகி நெறஞ்ச வூடுன்னு சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டார்.

படிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்நேரம் மாமியார் கட்சிக்குப் போயிருப்பீர்கள். போங்கள். எனக்கு அன்று வந்த கோபம் நியாயமான கோபம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் செய்ததும் நியாயம்தான். இரண்டு நியாயம் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் சாப்பாடு இறங்காது. எங்களுக்கு இறங்கவில்லை.

மலைக்காரர்கள் கழுதை மேல் பொதி ஏற்றி அடிவாரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த ராகி, இரவல் மாடு பூட்டிய எங்கள் வண்டியில், வைக்கோலுக்கு அடியில் வந்து சேர்ந்தது. மாமியார் அதைக் குழிக்குள் கொட்டச் சொல்லி, மறுநாள் திரும்ப அள்ளச் சொன்னார். குழி வாசம் ஏற வேண்டுமாம். பொய் சொல்வதிலும் ஒரு நேர்த்தி!

வெள்ளிக்கிழமை முதல் படி சாயபுவுக்கு. அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "குழி ராகி மணமே தனிதான் தங்கச்சி. கவுடர் கை ராசி!" என்றார். நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அவருக்கு உள்ளூரத் தெரிந்திருக்குமோ என்று சந்தேகப்படாதீர்கள். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை யாராலும் நடிக்க முடியாது.

தெருவுக்கெல்லாம் போட்டது போக, எங்களுக்கு மிஞ்சியது ஒரு பானைக்குத்தான் வந்தது. மாடு எங்கே என்று கேட்டவர்களுக்கு, "மலைமேல மேய்ச்சலுக்கு விட்டிருக்குது" என்று சொன்னோம். அடுத்த வாரமே என் கணவர் ஓசூருக்குப் போகும் கரி பஸ்ஸில் ஏறினார். இத்தனை ராகியை வைத்துக்கொண்டு சின்னசாமி ஏன் பெங்களூர் போகிறான் என்று தெருவுக்கு ஒரே ஆச்சரியம். "அவனுக்கு ஊர் பாக்கணுமாம்" என்று மாமியார் அலுத்துக்கொண்டார்.

என் மூத்தவன் பிறந்தபோது என் கணவர் பக்கத்தில் இல்லை. மாமியார்தான் இருந்தார். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் கடித்த கடியை எல்லாம் தன் கையில் வாங்கிக்கொண்டார். லீவு கிடைத்து அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்குப் பேர் வைத்தாகிவிட்டது.

குழி நிறைந்த வருஷம்

பிறகு நானும் பிள்ளையும் பெங்களூருக்குப் போனோம். ஒற்றை அறை, பொதுக் குழாய். மாமியாரைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்றார்.

"குழி நெறையட்டும், வரேன். வெறுங்குழியோட வூட்டை விட்டுட்டு வந்தாள்னு எம் பேரைச் சொல்லக்கூடாது."

"அத்தை, குழியைத் திறந்து தின்னாச்சுன்னுதான ஊருக்குத் தெரியும்? வெறும்னு சொல்லியே வித்துடலாமே."

"நீ பேசாம இரு புள்ள."

ராயக்கோட்டை ரோட்டோரம் எங்களுக்கு மிஞ்சியிருந்த மானாவாரிக் காட்டில், தான் ஒண்டியாக நின்று ராகி விதைத்தார். முதல் வருஷம் காய்ந்தது. மறு வருஷம் வயிற்றுக்குத்தான் கண்டது. யுத்தம் முடிந்து, கொடி மாறி, ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்து முடிந்த பிறகு ஒரு வருஷம் வானம் மனது வைத்தது. கதிர் ஒவ்வொன்றும் மடக்கிய விரல் மாதிரி கனத்து நின்றது.

சேதி கேட்டு நாங்கள் போனோம். என் கணவர் குழிக்குள் இறங்கித் தாள் அணை கட்டினார். நானும் மாமியாரும் கூடை கூடையாகக் கொட்டினோம். நுனி வரை நிரம்பியதும் மாமியார் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"நல்லாப் பாத்துக்க."

பார்த்தேன். செம்மண் நிறத்தில் ராகி குழியின் கழுத்துக்கு வந்திருந்தது. கல்லை வைத்து, மண்ணை அவரே பிசைந்து, தன் கையாலேயே பூசினார். வேறு யாரையும் பூச விடவில்லை.

ரெட்டியார் வாங்கிய நாள்

மறு வருஷம் தளிப் பக்கத்திலிருந்து வந்த காய்கறி வியாபாரி வெங்கட்ட ரெட்டியார் வீட்டைக் கேட்டார். தெலுங்குக்காரர், பணிவானவர். பேசி முடிக்கிற அன்று காதர் சாயபுவும் வந்திருந்தார். ரொம்பத் தளர்ந்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இந்த வூட்டை என்னைக்கும் வெறுங்குழியோட யாரும் வித்ததில்லைங்க ரெட்டியாரே," என்றார் சாயபு. "அந்தப் பஞ்சத்துல தெறந்தாங்க. என் கண்ணால பாத்தேன். இப்ப மறுபடியும் நெறச்சிருக்காங்க. அதுக்கு நான் ஜவாப்பு."

ரெட்டியார் கும்பிட்டார். எல்லாம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

"வேணும்னா தெறந்து பாத்துக்கங்க ரெட்டியாரே," என்றார் என் மாமியார்.

விற்கிறவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. ரெட்டியார் எழுந்தே விட்டார்.

"அய்ய தேவுடா! நான் அப்படிக் கேப்பேனாங்கம்மா?"

"நீங்க கேக்கல. நானாத்தான் சொல்றேன். தெறந்து பாருங்க. அள்ளி மறுபடியும் போட்டு மூட நான் ஆள் தரேன்."

"வேண்டாமுங்க, வேண்டாமுங்க."

"ஒரு தடவைங்க. சும்மா ஒரு தடவை."

சாயபு முகம் சுண்டிவிட்டது. "ஏம் தங்கச்சி? நான் சொன்ன சொல்லு போதாதா?"

மாமியார் அவரைப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் வாயைத் திறந்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். உதடு அசைந்தது. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"போதுமுங்கண்ணா," என்றார்.

வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். குழியைத் திறக்காமலே வீடு ரெட்டியாருக்குப் போயிற்று.

ஓசூர் பஸ்ஸில் மாமியாருக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். ராயக்கோட்டை தாண்டுகிற வரை அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டை நினைத்து மருகுகிறார் என்று நினைத்து மெல்லக் கையைப் பிடித்தேன்.

"வூட்டுக்கென்ன, மண்ணுதான," என்றார். "அந்த ரெட்டியார் தெறந்து பாத்திருந்தா கொறஞ்சா போயிருப்பாரு?"

"அவருதான் நம்பிட்டாரே அத்தை. வேற என்ன வேணும்?"

"அதான் புள்ள. அத்தனை வருசம் ஒண்ணுமே இல்லாதப்பவும் நம்புனாங்க. நான் நெசமாவே காட்டுல வெந்து கொண்டாந்து போட்டு வெச்சிருக்கேன். இப்பவும் அதே மாதிரிதான் நம்பறாங்க. என்ன வித்தியாசம் சொல்லு?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி எட்டிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க அடக்கச் சத்தமாக வந்தது அந்தச் சிரிப்பு. கடைசியில் எனக்கும் தொற்றிக்கொண்டது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்.